கஷ்டம் தெரிகிற மாதிரி ஒரு படம்

பிரிஸ்கில்லாவுக்கு மாஹேவுக்கு மாற்றல் என்று தெரிந்த அன்று எங்கள் அலுவலகம் துக்க வீடாகிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். "மனசைத் தேத்திக்கோம்மா" என்றார் ஒருவர். "நல்ல மாதிரி போயிட்டு வா" என்றார் இன்னொருவர். கேன்டீன்காரர் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. புதுச்சேரி அரசில் வேலை பார்ப்பவனை மாற்ற வேண்டுமென்றால் புதுச்சேரியையும் சேர்த்து நான்கு ஊர்கள்தான் உண்டு. பிரெஞ்சுக்காரன் எங்கெங்கே குடியிருந்தானோ அதையெல்லாம் சேர்த்து ஒரே அரசாங்கமாகக் கட்டிவிட்டார்கள். காரைக்கால் போட்டால் அது சளிக்காய்ச்சல் மாதிரி, வந்து போய்விடும். ஏனாம் ஆந்திராவுக்குள்ளே கிடக்கிறது. மாஹே கேரளாவுக்குள்ளே, இந்தக் கடலைவிட்டு அந்தக் கடலுக்கே போக வேண்டும். அந்த இரண்டு ஊரில் ஒன்று வந்தால் ஐ.சி.யூ. என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள் மாஹேவுக்கு மலிவான பாட்டிலுக்காகப் போவார்களாம். புதுச்சேரிக்காரனுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

என் பெயர் கன்னியப்பன். ஊழியர் சங்கத்தில் இணைச் செயலாளர். மாற்றலை ரத்துசெய்ய மனு எழுதுவது சங்கத்தில் என் பொறுப்பு. நான் எழுதிய மனுக்களில் பாதிக்குமேல் பலித்திருக்கின்றன. பலிக்காதவை அதிகாரிகளின் கல்நெஞ்சால் பலிக்காதவை. என் தமிழில் குறையில்லை.

பிரிஸ்கில்லா நெல்லித்தோப்புக்காரி. மாதா கோயிலுக்குப் பின்னால் பிறந்து, கோயிலுக்கு எதிர்ப்பக்கம் கல்யாணமாகிப் போனவள். அவளுடைய வாழ்க்கையில் அதுவரை நடந்த பெரிய இடமாற்றம் அதுதான். அப்பா சூசைநாதன் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். பரீட்சை எழுதி வேலை வாங்கியது, ஜெர்ரியைக் கட்டிக்கொண்டது இரண்டும் ஒரே வருஷம். சேர்ந்த நாளிலிருந்து ஜன்னலோரம் ஒரே மேஜை. காலையில் ஈரத்தலையோடு கடைசி ஆளாக ஓடிவருவாள். சாயங்கால டீ நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். ஒரு கோப்பு தப்பாகப் போனதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போவாள். அங்கேயும் ஸ்டவ், அரிசி, குக்கர் எல்லாம் கூடவே போகும். லாட்ஜ் அறையில் சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்புவாள். அதை அவர்கள் வீட்டில் டூர் என்று சொல்வார்கள்.

ஜெர்ரி நல்லவன். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி மெக்கானிக். குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவற மாட்டான். ஊரில் எந்த வீட்டில் எந்தச் சுவரில் ஏசி மாட்டியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தன் வீட்டில் டீத்தூள் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். ஜெர்ரியும் பதினோராவது படிக்கிற மகள் மெரினும் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பிரிஸ்கில்லா எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜெர்ரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து அழுதாள்.

"ண்ணா, எப்படியாவது சீக்கிரம் கூட்டிக்கினு வந்துடுங்கண்ணா."

"நீ ஒண்ணும் கவலப்படாத. நான் இருக்கேன்" என்றேன். அன்றையிலிருந்து அவளைத் திரும்பக் கொண்டுவருவது என் மானப் பிரச்சினையாகிவிட்டது.

மனுவை யாரும் படிப்பதில்லை. இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் 'சொல்லொணாத் துயரம்' என்று எழுதினால் அதிகாரி அதைச் சொல்லாத துயரம் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறார். ஆனால் படம் என்றால் நின்று பார்க்கிறார்கள். அதனால் பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன், அங்கே படுகிற கஷ்டத்தையெல்லாம் போனில் படமெடுத்து அனுப்பு, மனுவோடு சேர்த்துவிடுகிறேன் என்று.

முதல் வாரம் வந்தது இது: கடல். ஆறு கடலில் கலக்கிற இடம். லைட் ஹவுஸ். சூரியன் மறைவது. மறுபடியும் சூரியன் மறைவது. கீழே 'குட்மார்னிங்ண்ணா' என்று வேறு.

உடனே போன் போட்டேன். "இன்னாம்மா இது, தேன்நிலவுக்குப் போன மாதிரி படம் அனுப்பிக்கினு இருக்க?"

"ஊரு அப்படித்தாண்ணா இருக்குது."

"நான் ஊரையா கேட்டேன்? உன் கஷ்டத்தைக் கேட்டேன்."

படமெடுப்பது பற்றி எனக்கு ஒரு கொள்கை உண்டு. வெளியூர் போகிறவர்கள் எடுக்கிற படங்களில் முக்கால்வாசி குப்பை. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளுகிறார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அவர்களே திறந்து பார்ப்பதில்லை. ஒரு படம் எடுப்பதற்கு முன்னால் இதில் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தன்னையே கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். கடல் எல்லோருக்கும் பொது. அதில் உன் சங்கதி என்ன இருக்கிறது? இதையெல்லாம் பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன். மேஜையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள்.

"உனக்கு அங்க எது கஷ்டம், அதைச் சொல்லு மொதல்ல."

யோசித்தாள். "ரூம் ஒழுகுதுண்ணா."

"பாத்தியா! அதை எடு. தூரத்துல நின்னு எடுக்காத. கிட்டக்க போ."

கிட்டே போய் எடுத்தாள். அவள் குடியிருந்தது ரமணி சேச்சி என்பவர் வீட்டின் பின்கட்டு அறை. ஓட்டுக் கூரை. ஒழுகுகிற இடத்துக்குக் கீழே சேச்சி ஒரு வெண்கல உருளியை வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் உருளியின் விளிம்பில் விழ, ஒரு சொட்டு பாதி வழியில் நிற்க, படம் காலண்டருக்கு எடுத்த மாதிரி இருந்தது. ஜெர்ரியிடம் காட்டினேன். "பாத்திரம் நல்லாருக்குதுண்ணா" என்றான்.

"ஒழுகுதா இல்லையாம்மா?" என்று போனில் கத்தினேன்.

"ஒழுகுதுண்ணா. ஆனா படுத்துக்கினு கேட்டா சத்தம் நல்லாருக்குது."

சாப்பாட்டுக்குப் போனேன். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பது மனுவில் எப்போதும் எடுபடுகிற விஷயம். மட்டை அரிசி, புளிப்பே வேறு மாதிரி இருக்கிற மீன் குழம்பு, இவற்றை எடுத்து அனுப்பச் சொன்னேன். சுடச்சுட எடுத்திருந்தாள். சிவப்புச் சோற்றின்மேல் ஆவி பறந்தது. குழம்பில் எண்ணெய் மிதந்தது. பக்கத்தில் வாழையிலைத் துண்டில் பொரித்த மத்தி. சேச்சி சமைத்துக் கூப்பிட்டாராம், இவள் போய் உட்கார்ந்தாளாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாகற்காய். எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன். விடியும்போது எழுந்து போ, கூட்டமும் நாற்றமுமாக இருக்கிற இடத்துக்குப் போ, பொறுமையாக நில், ஆட்களைச் சேர்த்து எடு என்றேன். ஆளில்லாத படத்தில் கஷ்டம் தெரியாது. அவள் நான் சொன்ன வார்த்தை தவறாமல் விடியற்காலையில் மீன் இறங்குகிற இடத்துக்குப் போயிருக்கிறாள். ஒரு நாள் நின்றால் படம் வராது என்று பல நாள் போயிருக்கிறாள். வந்த படத்தில் கூடைக்காரப் பெண்கள் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி முழங்கை வரைக்கும் செதில் மின்னியது.

"யாருடி இவங்கல்லாம்?" என்னை அறியாமல் டி போட்டுவிட்டேன்.

"அந்த ஓரத்துல இருக்கறவங்க நபீசாத்தாண்ணா. அவங்க பொண்ணுக்கு நிக்காஹ். என்னையும் கூப்ட்டிருக்காங்க. நான் புடவைதான் கட்டணும்னு சொல்லிட்டாங்க."

இப்படியே போயிற்று. வழுக்குகிற படிக்கட்டை எடுக்கச் சொன்னால் படியில் பாசி பச்சைப் பட்டு விரித்த மாதிரி வந்தது. தனிமையை எடுக்கச் சொன்னால் தேவாலய வாசலில் குடை பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் பூனைக்கு பிஸ்கட் போட்டார். கஷ்டத்தைத் தேடிப் போகச் சொல்லி நான் அனுப்பிய இடத்திலெல்லாம் அவளுக்கு யாரோ பழக்கமாகிவிட்டார்கள். படங்கள் வாரா வாரம் இன்னும் நன்றாக வந்துகொண்டிருந்தன. எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"படத்துல நீயே இருக்கணும்" என்றேன் கடைசியில். சேச்சி எடுத்துக் கொடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்காதே என்றேன். அடுத்ததில் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலுவையடியில் அழுகிற வியாகுல மாதா நன்றாகத் தூங்கி எழுந்தால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள்.

ஜெர்ரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். "வெயிட் போட்டுக்கிறா" என்றான். பிறகு, "கண்ணுக்குக் கீழ கறுப்பு இருக்கும்ண்ணா அவளுக்கு. அதைக் காணோம்" என்றான்.

"போன்ல அழகு பண்ற செட்டிங் இருக்குதுப்பா. அதை அணைக்கச் சொல்றேன்" என்றேன்.

இருப்பதில் மோசமான ஐந்தாறு படங்களைப் பொறுக்கி மனுவோடு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அவர் நிதானமாகப் பார்த்ததே நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"எந்த ரிசார்ட் இது?"

"சார், அது அந்தம்மா தங்கியிருக்கிற ரூம் சார்."

"அப்படியா? ஸ்கூல் லீவு விட்டதும் அந்தப் பக்கம் போலாம்னு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. அந்த ஓனர் நம்பர் இருக்குமா?"

நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் ஜெர்ரி சங்க அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டை ஒரு மாதிரி வெளிர் ஊதாவாக இருந்தது. எல்லாத் துணியும் அந்த நிறத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். மெரின் மெஸ் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றுவலி என்றாளாம். "வீடு வீடாவே இல்லண்ணா. வேலைக்குப் போயிட்டுக் கதவைத் தொறந்தா ஏதோ குடோன்ல நொழயற மாதிரி இருக்குது. அவ இல்லாம முடியலண்ணா" என்றான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. இப்போதும் பாவமாகத்தான் இருக்கிறது.

பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தேன். "இதான் கடைசி தடவை. இத்தனை நாள் நீ ஊர் சுத்திப் பாக்கறவ மாதிரி எடுத்த. இனிமே அப்படி எடுக்காத. உன் மனசுல எங்க வலிக்குதோ அந்த எடத்துக்குப் போ. கிட்டக்க நில்லு. யாருக்கும் போஸ் குடுக்காத, யாரையும் போஸ் குடுக்கச் சொல்லாத. அழகா வந்தா அழிச்சிடு."

"சரிண்ணா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு நெல்லித்தோப்புக்கு வந்துவிட்டுப் போனாள். சங்கத் தேர்தல் அலைச்சலில் என்னால் போய்ப் பார்க்க முடியவில்லை. அந்த நாட்களில்தான் படங்கள் வர ஆரம்பித்தன. ஒன்றுக்கும் கீழே எழுத்து கிடையாது. மாஹேயில் எடுத்து வைத்திருந்ததை வீட்டில் ஓய்வாக உட்கார்ந்து அனுப்புகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சிங்க். விளிம்பு வரைக்கும் பாத்திரம். குழாயின் கழுத்தில் டேப் சுற்றியிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது. இங்கே உருளி கிருளி எதுவும் இல்லை. அடுத்து, மூன்று அடுப்பும் எரிகிற ஸ்டவ். ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை. அடுத்து, ஒரு நாற்காலி என்று ஊகித்துக்கொள்ள வேண்டிய துணிக்குவியல். வாஷிங் மெஷின்மேல் பாதி கடித்த இட்லியோடு ஒரு தட்டு, பக்கத்திலேயே அயர்ன் பாக்ஸும் சாவிக் கொத்தும். எண்ணெய் தெறித்த தழும்போடு பால் பாக்கெட்டைப் பிடித்திருக்கிற ஒரு கை. கடைசியாக ஒரு டம்ளர் டீ. ஆடை கட்டிச் சுருங்கிப் போயிருந்தது. யாரோ ஆசையாகப் போட்டு வைத்துவிட்டுக் குடிக்க நேரமில்லாமல் போய்விட்டார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பு ஒருமுறை சங்கத் தேர்தலில் தோற்றபோதுகூட வரவில்லை. ஆளே இல்லாமல் கஷ்டம் தெரிகிற படம் எடுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பாடம் நான் எடுத்ததுதான்.

"பிரிஸ்கில்லா, இப்பதாம்மா உனக்குப் புரிஞ்சிருக்குது" என்றேன் போனில்.

"நீங்க சொன்ன மாதிரிதாண்ணா. கிட்டக்க போயி எடுத்தேன்."

"ரொம்ப நேரம் காத்துக்கினு இருந்தியோ?"

"நேரமே ஆவலண்ணா. எல்லாம் ஒரே தடவையில வந்துடுச்சு."

வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை. "வேற ஏதாவது கேக்கணுமாண்ணா?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். மீதியை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். மனுவைப் புதிதாக எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மனுக்களிலேயே சிறந்தது அது. 'மேற்கண்ட படங்களில் காணப்படும் இடத்தில் மனுதாரர் அல்லும் பகலும் படும் துன்பத்தைத் தாங்கள் கருணையோடு நோக்கி, அவரை அவ்விடத்திலிருந்து விடுவித்து வாழ்வளிக்குமாறு' என்று முடியும். விடுப்பிலிருக்கும்போதே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டு ஜெர்ரியிடம் கொடுத்தனுப்பிவிட்டு மாஹே பஸ் ஏறிவிட்டாள். படங்களைப் பிறகுதான் ஒட்டினேன்.

மேலதிகாரி இந்த முறை ரிசார்ட் பற்றிக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தார். டீ டம்ளர் படத்தில் நின்றுவிட்டார். "இதைக் கூடக் குடிக்க முடியலியா?" என்றார். பிறகு, "பாவம்யா" என்றார். அரசாங்கத்தில் அந்த வார்த்தை எளிதில் வராது. பரிந்துரை எழுதிவிட்டார். பொங்கலுக்குள் உத்தரவு வந்துவிடும் என்றார்.

ஜெர்ரியைச் சங்க அறைக்கு வரச் சொன்னேன். கேக் வாங்கிக்கொண்டு வந்தான். படங்களின் பிரதியை அவன் கையில் கொடுத்து, "பாரு உன் பொண்டாட்டி எடுத்திருக்கிறதை" என்றேன் பெருமையாக.

முதல் படத்தைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். திரும்ப முதல் படத்துக்கு வந்தான்.

"ண்ணா, இது எங்க எடுத்தது?"

"மாஹேதான், வேற எங்க?"

"இல்லண்ணா. இது எங்க வீட்டு சிங்க்."

"சிங்க்குன்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்ப்பா இருக்கும்."

அவன் குழாயின்மேல் விரலை வைத்தான். "இந்த டேப்பு நான் சுத்துனதுண்ணா. ஏசி பைப்புக்குச் சுத்தற டேப்பு. ஒழுகுதுன்னு சொன்னா, கையில இருந்ததைச் சுத்திட்டு வேலைக்குப் போயிட்டேன். அது ஆச்சு ரெண்டு மூணு வருஷம்." துணிக்குவியலைப் பார்த்து, "இது என் லுங்கி" என்றான். மெஷின்மேல் இருந்த தட்டுக்கு வந்ததும் நிறுத்தினான்.

"இது அவ தட்டு. இங்க வச்சா சாப்பிடறா? நின்னுக்கினா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"எனக்கும் தெரியலண்ணா. அங்கதான் இருந்தேன் இத்தனை வருஷமா" என்றான்.

பிறகு மனுவின் பிரதியை எடுத்துப் படித்தான். கடைசி வாக்கியத்தில் 'அவ்விடத்திலிருந்து விடுவித்து' என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. உதடு அசைய மறுபடியும் படித்தான். எனக்கு என் தமிழை முதல்முறையாகப் பிடிக்கவில்லை. கேக்கை யாரும் வெட்டவில்லை.

என்னைக் கேட்காமலேயே போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். மாஹேயில் எடுத்தார்கள். பின்னால் சேச்சி மலையாளத்தில் ஏதோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

"பிரிசி, படம் பாத்தேன்."

"கோவமா?" என்றாள்.

"தெரியல."

"நான் பொய் சொல்லலங்க. கஷ்டம் எங்க இருக்குதோ அங்க போயி எடுன்னாரு அண்ணன். இங்க எடுத்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. வீட்டுக்கு வந்து போனைத் தூக்கினேன், எல்லாம் வந்துடுச்சு. எனக்கே பயமாப் போச்சு. எங்க எடுத்தேன்னு அண்ணன் கேப்பாருன்னு பாத்தேன், கேக்கல. நான் சிங்க்குக்கு எதுர நின்னு படம் எடுத்துக்கினு இருந்தேன், நீங்க ஹால்ல மேட்ச் பாத்துக்கினு இருந்தீங்க. இன்னா எடுக்கறேன்னு நீங்களாவது கேப்பீங்கன்னு நெனச்சேன்."

ஜெர்ரி சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி பையிலேயே வைத்தான். "உனக்கு வரணுமா, வேணாமா?" என்றான்.

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை. மனு எழுதுகிறவன் கேட்கிற கேள்வி இல்லை அது.

"வரணும்ங்க. உங்களையும் மெரினையும் ரொம்பத் தேடுது. ஞாயித்துக்கெழம பூசையில உக்காந்தா அழுகையா வருது. ஆனா அந்த சிங்க்குக்குத் திரும்பி வரணும்னு நெனச்சா நெஞ்சு அடைக்குது. இங்க நான் நல்லாருக்கேன். சாயந்திரம் ஆனா ஆத்தோரமா நடக்கறேன். சூடா டீ குடிக்கறேன். இதைச் சொன்னா என்னை இன்னான்னு நெனப்பீங்களோன்னு சொல்லல." அழுதாள். ஏற்றிவிட்ட அன்றைக்கு அழுதது மாதிரி இல்லை, இது மெதுவாக வந்தது.

ஜெர்ரியும் அழுதான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சரி" என்றான் ஜெர்ரி. "இப்ப வராத. நீ இரு. லீவு விட்டதும் மெரினைக் கூட்டிக்கினு நான் அங்க வரேன். மொதல்ல அந்தக் குழாயைப் பாக்கறேன்."

"டேப்பு சுத்தாதீங்க."

"இல்ல. குழாயே மாத்திடறேன்."

மனுவைத் திரும்பப் பெறுவது மனு போடுவதைவிடச் சிரமம். போட்டவனுக்கு புத்தி சரியில்லையோ என்று பார்ப்பார்கள். பிரிஸ்கில்லாவிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டு நான் கிளம்பினேன். ஜெர்ரி தானும் வருவேன் என்றான். வேண்டாம் என்றேன். வந்தான்.

மேலதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாய்யா இது? அந்த நெலமையில இருக்கறவங்க மாத்தல் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க?"

"இப்ப அந்த எடத்துல இல்ல சார் அவங்க" என்றேன். ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

"அந்த வீட்டை விட்டுட்டாங்களா?"

"கொஞ்ச நாளைக்கு விட்டிருக்காங்க சார். இப்ப இருக்கற எடம் நல்லாருக்குதாம்."

"நல்ல காரியம் பண்ணாங்க. எனக்கு அந்த டீ டம்ளர் இத்தனை நாளா கண்ணுக்குள்ளயே நின்னுக்கிட்டிருந்துது." பேனாவைத் திறந்து குறிப்பு எழுதினார். அப்போதுதான் எனக்குப் பின்னால் வெளிர் ஊதாச் சட்டையில் நின்றிருந்தவனைப் பார்த்தார். "இவரு யாரு?"

"அந்தம்மாவோட ஹஸ்பண்ட் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நல்ல மனிதர், உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"தம்பி, ஒரு பெரியவன் சொல்றேன்னு கேட்டுக்கங்க. வேலை முக்கியம்தான். அதுக்காக அந்த மாதிரி எடத்துல எல்லாம் பொம்பளையைத் தனியா விட்டுட்டு வரக்கூடாது."

"சரிங்க சார்" என்றான் ஜெர்ரி.